லண்டன் எங்கேடா?

பிரிட்டனில் பதிவாகியிருக்கும் கம்பெனிகளின் பெயர்களில் எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று ஒரு வேர்ட் கிளவுட், அதாவது அதிகம் வரும் சொல் பெரிய எழுத்தில் தெரியும் படம் போட்டு, லண்டனின் க்ராய்டனில் இருக்கும் கல்லூரி நண்பனுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். பர்மிங்ஹாம் தடியாக நிற்கிறது, பிரிஸ்டல் இருக்கிறது, பாத் என்ற சின்ன ஊர் கூட இருக்கிறது. அவனிடமிருந்து ஒரே வரி வந்தது: "லண்டன் எங்கேடா?"

தேடினால் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடந்தது.

தப்பு என்னுடையதுதான். அந்த ஊர் கம்பெனிப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ், உயிரோடிருக்கும் கம்பெனிகளின் பட்டியலை மாதாமாதம் சிஎஸ்வி கோப்பாக இலவசமாகவே தருகிறது. ஐம்பது லட்சம் வரிக்கு மேல். அதைச் சோம்பேறித்தனமாக எக்ஸலில் திறந்திருக்கிறேன். எக்ஸல் 10,48,576 வரிக்கு மேல் ஒரு வரி கூட எடுக்காது; கோப்போ பெயர்களின் அகரவரிசையில் இருக்கிறது. ஆச்சரியக்குறியில் தொடங்கும் பெயர்கள் முதலில், அப்புறம் எண்கள், அப்புறம் ஏ, பி என்று போகும். ஆக நான் படம் போட்டது பிரிட்டனை இல்லை, ஆங்கில அகரவரிசையின் முதல் சில எழுத்துகளை. போதாததற்குக் கம்பெனி எண்களின் முன்னாலிருந்த பூஜ்யங்களையும் எக்ஸல் தின்றுவிட்டது, டெஸ்கோவின் 00445790 வெறும் 445790 ஆகி நின்றது.

சரி என்று பைத்தானில் நிரல் எழுதப் போனால் அங்கே வேறு கூத்து. கம்பெனி எண் என்று ஒரு நெடுவரிசையே இல்லை என்கிறது, எனக்கோ கண்ணெதிரே தெரிகிறது. அரை மணி நேரம் கழித்துத்தான் தலைப்பு வரியில் அந்தப் பெயருக்கு முன்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன்.

லிமிடெட், அதன் சுருக்கமான எல்டிடி இரண்டையும் முதலில் தூக்கினேன், இல்லாவிட்டால் படத்தில் வேறெதுவும் தெரியாது. தி, அண்ட், ஆஃப் போனது. அப்போஸ்ட்ரஃபியை வெட்டியதில் தனி 'எஸ்' ஒன்று பெரிய சொல்லாகக் கிளம்பிவந்தது, அதையும் விரட்டினேன். பெயரில் என்னென்ன குறி வரலாம் என்பதில் அவர்கள் தாராளம்தான். 2016-ல் ஒருவர் தரவுத்தளத்தில் 'கம்பெனீஸ்' அட்டவணையை அழிக்கும் கட்டளையையே பெயராகக் கொடுத்து, கடைசியில் எல்டிடி சேர்த்துப் பதிவும் செய்துவிட்டார்! வேர்ட் கிளவுடையும் கைவிட்டேன். நீளமான சொல் நீளத்தாலேயே பெரிதாகத் தெரியும், அதை நம்பி எதையும் ஒப்பிட முடியாது. சாதாரண பார் சார்ட் போதும்.

உருப்படியாக ஏதாவது தெரிந்தது, பெயரின் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் தனித்தனியாக எண்ணிய பிறகுதான். முதலில் வருவது பீற்றல்: பிரீமியர், எலீட், குளோபல், அப்புறம் பச்சை, நீலம் என்று நிறங்கள். கடைசியில் வருவது பிழைப்பு: சர்வீசஸ், சொல்யூஷன்ஸ், கன்சல்டிங், பிராப்பர்ட்டீஸ், ஹோல்டிங்ஸ். லண்டன் முன்னாலும் வருகிறது, பின்னால் அடைப்புக்குறிக்குள்ளும் வருகிறது, அதனால்தான் என் அரைகுறைப் படத்திலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிழைப்புச் சொற்களுக்குப் பின்னால் வரியும் சட்டமும் இருக்கின்றன. கன்சல்டிங் என்பதில் பலவும் ஒற்றை ஆள் கம்பெனி, தானே முதலாளி, தானே ஊழியர். வாடகைக்கு விடும் வீட்டுக்குக் கட்டும் கடன் வட்டியைத் தனிநபர் வருமானத்தில் கழிக்கும் சலுகையை ஏப்ரல் 2017 முதல் படிப்படியாகக் குறைத்தார்கள், வீடு கம்பெனியின் பெயரில் இருந்தால் அந்தக் கட்டுப்பாடு இல்லை. பிராப்பர்ட்டீஸ் பெருகாமல் என்ன செய்யும்? இன்னொன்று, 2015-க்கு முன்னால் ஏற்கெனவே இருக்கும் ஒரு பெயரோடு சர்வீசஸ், குரூப், ஹோல்டிங்ஸ் என்று ஒட்டினால் அது வேறு பெயராகக் கணக்காகாது. அந்த ஆண்டு விதி மாறியது. ஒட்டினால் போதும், புதுப் பெயர். சொல்யூஷன்ஸுக்கு மட்டும் எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை, யாருக்கு என்ன பிரச்சினை, எதைத் தீர்க்கிறார்கள் என்று பெயரைப் பார்த்து ஒருநாளும் சொல்ல முடியாது.

என்னை ரொம்ப நேரம் பிடித்து வைத்தது மேனேஜ்மென்ட். அத்தனை நிர்வாக நிபுணர்களா அந்த நாட்டில் என்று நினைத்து அந்த வரிகளை மட்டும் பிரித்து வாசித்தேன். கதவு எண், தெருப் பெயர், மேனேஜ்மென்ட் கம்பெனி லிமிடெட். அடுத்த வரியும் அப்படியே, அதற்கடுத்ததும். எல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்புகள்! இங்கிலாந்தில் ஃப்ளாட் வாங்கினால் பெரும்பாலும் நீண்டகாலக் குத்தகைதான், கூரை, மாடிப்படி, லிஃப்ட் போன்ற பொது இடங்களைப் பார்த்துக்கொள்ளக் குடியிருப்பவர்களே சேர்ந்து ஒரு கம்பெனி வைத்திருப்பார்கள். 2002-ல் வந்த சட்டப்படி நிர்வாக உரிமையைக் கேட்டு வாங்குகிறவர்களின் கம்பெனிப் பெயர் 'ஆர்டிஎம் கம்பெனி லிமிடெட்' (ஆர்டிஎம் என்றால் ரைட் டு மேனேஜ்) என்று முடியும், ஆகவே 'கம்பெனி' என்ற சொல்லின் எண்ணிக்கையும் இவர்களால் கொஞ்சம் ஏறுகிறது. கோப்பில் தொழில் வகைக் குறியீடு உண்டு, இவர்களுடையது 98000. அதை வடிகட்டியதும் மேனேஜ்மென்ட் பட்டை காற்றுப்போன பலூன் மாதிரி சுருங்கியது.

இதை நண்பனிடம் பெரிய கண்டுபிடிப்பாகச் சொன்னேன். "டேய், நானே டைரக்டர்தான்டா" என்றான். அவன் கட்டடத்தில் எட்டு வீடு, எட்டுப் பங்குதாரர், வருடாந்திரக் கூட்டம் அவன் வீட்டு ஹாலில் நடக்கும். போன தடவை சைக்கிள் ஸ்டாண்டைக் குப்பைத்தொட்டிக்கு இந்தப் பக்கம் வைப்பதா அந்தப் பக்கமா என்று ஒன்றரை மணி நேரம் பேசி, அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்களாம்.