எங்கும் போகாது என்றேன்

2016 ஆகஸ்ட். நூலகத்தின் நன்கொடை மேசையில் அன்று என் முறை. நான்கு அட்டைப்பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா வந்தார். மகன் சேர்த்த நின்டெண்டோ பவர் இதழ்கள், நின்டெண்டோ கம்பெனியின் வீடியோ கேம் பத்திரிகை. வீட்டை விற்கிறார்களாம். "ரெட்மண்டில் தயாரான பத்திரிகை. சியாட்டில் பக்கத்து நூலகம் வைத்துக்கொள்ளாமல் வேறு யார் வைத்துக்கொள்வார்கள்?" என்றார்.

"இதெல்லாம் ஸ்கேன் ஆகி இணையத்திலேயே கிடைக்கிறதே" என்றேன்.

"அங்கே யார் வைத்திருக்கிறார்கள்?"

"இன்டர்நெட் ஆர்கைவ், இணைய நூலகம். எங்கும் போகாது."

முதல் 13 ஆண்டு இதழ்கள் அங்கே ஏறிய செய்தியை அப்போதுதான் படித்திருந்தேன். அந்தத் தெம்பில் சொன்னது. அந்த மாதமே நின்டெண்டோ ஆட்சேபிக்க, இறக்கிவிட்டார்கள். அவர்கள் சொத்து, அவர்கள் உரிமை. அதில் எனக்கு வழக்கில்லை. "எங்கும் போகாது" என்று சொன்ன என் வாயோடுதான் வழக்கு. அவர் கேட்டது நல்ல கேள்வி. நூலகத்தில் வேலை பார்க்கிற நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

சரி, என் பக்கமும் நியாயம் உண்டு. அலமாரியில் இடமில்லை. நடுப்பக்கப் போஸ்டர்களைப் பையன் உருவிவிட்டான். 1988-இல் தொடங்கி 2012 டிசம்பரில் 285-ஆவது இதழோடு நின்ற பத்திரிகை. வீடு வீடாகப் போனது. அபூர்வப் பொருள் இல்லை, எங்காவது யாராவது வைத்திருப்பார்கள். (எல்லா நன்கொடை மேசையிலும் இதையேதான் நினைப்பார்கள் போல.)

ஆனால் நான் திறந்து பார்த்தது ஒரே ஒரு பெட்டி. மேலே முதல் இதழ், அட்டையில் களிமண் மாரியோ. அதற்கு அடியில் இருந்த இதழில் செல்டா என்ற ஆட்டத்தின் வரைபடம், அதன் மேல் பென்சில் கோடுகள். ஒரு கட்டத்தில் கேள்விக்குறி போட்டு, அழித்து, மறுபடி போட்டிருந்தான். அன்றைக்கு ஆட்டத்தில் மாட்டிக்கொண்டால் ரெட்மண்டில் இருந்த நின்டெண்டோ ஆலோசகர்களுக்கு போன் போட வேண்டும், பில் ஏறும். இல்லையென்றால் அடுத்த இதழுக்கு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். எந்த ஸ்கேனிலும் அந்தப் பென்சில் இருக்காது. இது அப்போதே தோன்றியதா, பிற்பாடு நானாகச் சேர்த்துக்கொண்டதா என்று சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் ஒருவர் பழைய பிளேஸ்டேஷன் பத்திரிகைகள் ஒரு பெட்டி கொண்டுவந்தார். வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். இன்னும் பட்டியலில் ஏற்றவில்லை, என் மேசைக்கு அடியில் காலை இடிக்கிறது. இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அப்படியென்றால் முதலில் செய்ததுதான் சரியோ?

அந்த அம்மா வாக்குவாதம் செய்யவில்லை. பழைய காகிதம் போடுகிற தொட்டி எங்கே என்று மட்டும் கேட்டார். "கட்டடத்துக்குப் பின்னால், இடது பக்கம்" என்றேன். அன்று சாயங்காலம் வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு காருக்குப் போனேன்.