மூன்றாவது மணிக்குப் பிறகு வந்த கேள்விகள்

ஜப்பானில் ஏதாவது பல்கலைக்கழகக் கருத்தரங்கில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள், என்ன செய்யலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: போர்டிங் பாஸில் கிழித்துத் தரும் துண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

2018 இலையுதிர் காலம். டோக்கியோவில் சட்ட ஆராய்ச்சி மாணவனாக எனக்கு இரண்டாவது வருடம். ஒருநாள் என் வழிகாட்டிப் பேராசிரியர், தெற்கே கியூஷு தீவில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஜப்பானியச் சட்டமும் சமூகமும் பற்றித் தொடர் சொற்பொழிவு நடக்கிறது, ஊர்க்காரர்களும் வந்து கேட்பார்கள், ஒரு நாள் நீங்கள் பேசுங்களேன் என்றார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: 'ஜப்பானியர்களுக்கு நீதிமன்றம் என்றால் பிடிக்காதா?' பேச்சு 30 நிமிடம், கேள்வி 15 நிமிடம். ஜப்பானிய மொழியில்.

சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது.

முதல் சிக்கல் பெயரில் வந்தது. அவர்கள் அனுப்பிய படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பா பெயரை எழுதினேன். கணேசன், முருகேசன் வகையறா, 'சன்' என்று முடியும் பெயர். அங்கே 'சான்' என்பது 'அவர்கள்' மாதிரி ஒரு மரியாதை ஒட்டு. அலுவலகப் பெண்மணி தொலைபேசியில் ரொம்பத் தயங்கி, "கடைசியில் இருக்கும் சன் உங்கள் பெயரைச் சேர்ந்ததா, இல்லை நீங்களே போட்டுக்கொண்ட மரியாதையா?" என்று கேட்டார். தனக்குத் தானே மரியாதை போட்டுக்கொள்வது அங்கே பெரிய அசட்டுத்தனம். கடைசியில் சுவரொட்டியில் அப்பா பெயர் கொட்டை எழுத்தில் வந்தது. போன இடமெல்லாம் அப்பாவைத்தான் கூப்பிட்டார்கள்.

பேச்சுக்குப் படிக்க வேண்டியது நிறைய இருந்தாலும் சண்டை என்னவோ இரண்டு பேருக்கு நடுவில்தான். கவாஷிமா தகேயோஷி என்ற சட்டச் சமூகவியலாளர் 1967-ல் எழுதினார்: நவீனச் சட்டங்கள் ஐரோப்பாவிலிருந்து வந்தவை, ஜப்பானியர் மனதில் உரிமை என்ற எண்ணம் அழுத்தமாக இல்லை, வழக்குப் போடுவதையே வம்புக்கு இழுப்பதாக நினைக்கிறார்கள் என்று. பதினோரு வருடம் கழித்து ஜான் ஹேலி என்ற அமெரிக்கர், இது வெறும் கட்டுக்கதை என்றார். வழக்கறிஞரும் நீதிபதியும் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்கு இருந்தால் எவன் கோர்ட்டுக்குப் போவான்? அந்தக் காலத்தில் நாடு முழுக்க வருடத்துக்குச் சுமார் 500 பேர்தான் சட்டப் பயிற்சிக்குள் நுழைய முடியும். 2004-ல் புதிய சட்டப் பள்ளிகள் திறந்த பிறகுதான் கதவு கொஞ்சம் அகன்றது. நான் பேசிய வருடம் வழக்கறிஞர்களின் எண்ணிக்கை 40,000-ஐ ஒட்டி இருந்தது.

இதையெல்லாம் அழகாகக் கோத்து 14 பக்கம் எழுதிக்கொண்டு போனேன். பேராசிரியர் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் இங்கே கோர்ட்டுக்குள் போயிருக்கிறீர்களா?" போனதில்லை.

மறுநாளே கசுமிகசேகியில் உள்ள டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனேன். பையைச் சோதனை போடுகிறார்கள், அவ்வளவுதான். யார், எவர், எதற்கு வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அன்றைய வழக்குப் பட்டியலைப் பார்த்து எந்த அறைக்குள் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். படம் எடுக்கக் கூடாது, குறிப்பு எடுக்கலாம். அந்தக் குறிப்புக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. லாரன்ஸ் ரெப்பேட்டா என்ற அமெரிக்க வழக்கறிஞர் இதே நீதிமன்றத்தில் ஒரு வரி வழக்கைப் பார்க்க வந்து, குறிப்பெடுக்க அனுமதி கேட்டு மறுக்கப்பட்டவர். அரசு மீது வழக்குப் போட்டார். 1989-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு கிடையாது என்றது. ஆனால் பார்வையாளர் குறிப்பெடுப்பதைப் பொதுவாகத் தடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டது. தோற்றவர் புண்ணியத்தில் நான் நோட்டைத் திறந்தேன்.

நான் பார்த்தது ஒரு சிவில் வழக்கு. எல்லாரும் எழுந்து வணங்கி உட்கார்ந்தார்கள். எழுதிக் கொடுத்த மனுவில் உள்ளபடியே சொல்கிறோம் என்றார் ஒரு வக்கீல், எதிர்த்தரப்பும் அதையே சொன்னது. உடனே இரண்டு பேரும் குட்டி டைரியை எடுத்தார்கள். நீதிபதி ஒரு தேதி சொன்னார். "சஷிட்சுகாஎமாஸ்" என்றார் ஒருவர், அன்றைக்குத் தோதுப்படாது என்று பொருள். இன்னொரு தேதி. இந்தமுறை மற்றவருக்குத் தோதுப்படவில்லை. மூன்றாவது தேதியில் ஒத்துப்போனார்கள். மொத்தம் மூன்று நிமிடம், வாய்தா ஒன்றரை மாதம். எனக்கு மதுரை கோர்ட்டு வராந்தா ஞாபகம் வந்துவிட்டது, சத்தம்தான் இல்லை. விட்டு விட்டுத் தூறும் ஐந்தாம் மாத மழை போல வழக்கு நடக்கிறது என்று அவர்களே கிண்டல் செய்வார்களாம். திரும்பி வந்து 14 பக்கத்தில் 9 பக்கத்தை வெட்டினேன்.

அடுத்தது ரெஜுமே. வேலைக்குப் போடும் பயோடேட்டா இல்லை. பேச்சின் சாரத்தை அச்சிட்டு எல்லார் கையிலும் கொடுக்கும் தாள். ஏ3 தாளை இரண்டாக மடித்தது, எண் போட்ட தலைப்புகள், மேற்கோள்களுக்குப் பக்க எண். ஸ்லைடு சுமாராக இருந்தால் மன்னித்துவிடுவார்கள், ரெஜுமேயில் ஒரு வருடம் தப்பாக இருந்தால் பேச்சு முழுக்க அங்கேயேதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சீனியர் மாணவி ஒருத்தர் மூன்று தடவை திருத்திக் கொடுத்தார்.

பேச்சு நாளன்று முன்வரிசை ஓரத்தில் ஒரு மாணவர், எதிரே மேசை மணி, கையில் கடிகாரம். 25-ஆவது நிமிடம் ஒரு மணி, 30-க்கு இரண்டு, கேள்வி நேரமும் முடிந்தால் மூன்று. கோயில் தீபாராதனைக்குத்தான் மணிச்சத்தம் கேட்டுப் பழக்கம். இங்கே முதல் மணிக்கே நாக்கு உலர்ந்தது. நடுவில் உட்கார்ந்திருந்த மூத்த பேராசிரியர் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு பாரம் குறைந்தது என்று நினைத்தேன்.

பேசி முடித்ததும் கேள்விகள் உண்டா என்றார் நெறியாளர். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. அப்போது தூங்கிய பெரியவர் கண்ணைத் திறந்து, "விஷயம் தெரியாதவன் கேட்கிறேன், மன்னிக்கவும்" என்று ஆரம்பித்தார். இந்த வாக்கியம் காதில் விழுந்தால் ஜப்பானிய ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதறல் எடுக்கும், கேட்பவர் அந்தத் துறையையே கரைத்துக் குடித்தவராக இருப்பார். வழக்குக் குறைவு என்கிறீர்களே, சமரச மன்றத்துக்குப் போனவற்றை எந்தக் கணக்கில் சேர்த்தீர்கள் என்று கேட்டார். சேர்க்கவில்லை. வழிந்தேன். மறுபடி அமைதி. மூன்று மணி.

ஜப்பானியர்கள் கூச்ச சுபாவம், கேள்வி கேட்க மாட்டார்கள் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டு மைக்கை அணைத்தேன். பத்து நிமிடத்தில் அலுவலகப் பெண்மணி ஒரு கட்டுச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். ரெஜுமேயோடு எல்லாருக்கும் ஒரு கருத்துச் சீட்டும் போயிருக்கிறது, நான் கவனிக்கவில்லை. 37 சீட்டு. பாதிக்கு மேல் இரண்டு பக்கமும் எழுதியிருந்தது. மேடையில் பேராசிரியர்கள், பின்னால் ஊர்க்காரர்கள், நடுவில் ஒரே ஒரு மைக். எழுந்து கேட்கத்தான் யாருக்கும் வழியில்லை, கையில் பென்சில் கிடைத்ததும் கொட்டிவிட்டார்கள். அரை மணி நேரம் ஹேலி கட்சியில் நின்று பேசிவிட்டு, கேள்வி வராததும் கவாஷிமா பக்கம் தாவியிருக்கிறேன்.

"இந்தியர்கள் இயல்பிலேயே வழக்குப் பிரியர்களாமே?" என்று ஒரு சீட்டு. கோர்ட்டு கேஸுன்னு அலையாதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான்.

இன்னொன்று முதியவர் ஒருவருடையது. நடுங்கிய கையெழுத்து. அவர் கியூஷுவிலேயே உள்ள மினமாட்டா பக்கத்து ஊர்க்காரராம். ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசக் கழிவால் வந்த நோய் அங்கே 1956-ல் வெளிப்பட்டது. 1959-ல் ஆலை அனுதாபப் பணம் என்று கொடுத்து, இனி மேற்கொண்டு கேட்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியது, செத்தவருக்கு 3 லட்சம் யென். 1969-ல் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் சில குமமோட்டோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டன. 1973-ல் அந்த ஒப்பந்தமே செல்லாது என்று தீர்ப்பு. இவ்வளவையும் எழுதி, கடைசியில் "அவர்களும் ஜப்பானியர்கள்தான். உங்கள் தாளில் அவர்கள் எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள்?" என்று முடித்திருந்தார். என் ரெஜுமேயில் மினமாட்டா ஒரு வரிகூட இல்லை. அதுவும் கியூஷுவில் போய்ப் பேசியிருக்கிறேன்.

பணம் வாங்கும் படலம் தனி. பேசியதற்கான சன்மானத்தில் 10.21 சதவீதம் வரி பிடித்தார்கள், அது சட்டப்படி சரி. பயணப்படிக்கு ரசீது, வங்கிப் புத்தக நகல், கையெழுத்துக்குப் பதில் சொந்தப் பெயர் முத்திரை குத்திய படிவம், கூடவே விமானத்தில் நிஜமாகவே ஏறினேன் என்பதற்கு அந்தக் கிழித்த துண்டு. முத்திரையும் அப்பா பெயரில்தான். போனதற்கான துண்டு இருந்தது, திரும்பிய துண்டைக் காணவில்லை. விமான நிறுவனத்தில் பயணச் சான்றிதழ் வாங்கி அனுப்பியதில் மூன்று வாரம் ஓடியது.

இதற்கு நடுவில் 37 சீட்டுக்கும் பதில் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். முப்பத்தாறை இரண்டு நாளில் முடித்தேன். முதியவருடையதற்கு ஒரு வாரம் ஆனது. தீர்ப்பைத் தேடிப் படிக்க வேண்டியிருந்தது, எனக்குப் பழைய சட்ட ஜப்பானியம் சரளமாக வராது. அந்தக் கட்டின் நடுவில் 22-ஆவது சீட்டுக்கு அடையாளமாகச் செருகி வைத்திருந்தேன், திரும்பிய போர்டிங் பாஸ் துண்டை.