வாதுவைப் பக்கம் கயித்துப்பாலங்களுக்குக் கீழால சைக்கிள்: நாலு தரம் போய்ப் பாத்தது

பிரான்சில அல்சாஸ் பக்கம் இருக்கிற மச்சான் ஒருத்தன் வட்சப்பில வீடியோ ஒண்டு அனுப்பினவன், கொல்மார் பக்கம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவால சின்ன றோட்டில சைக்கிள் ஓடிக்கொண்டு போறான், ரெண்டு பக்கமும் கொடி, வாகனம் ஒண்டுமில்லை. அங்க 1953 இலயே வைன் றோட்டு எண்டு ஒண்டைத் தொடக்கி வைச்சிட்டாங்கள், 170 கிலோமீற்றர் அளவில ஊர் ஊராப் போகுது. அதைக் கொழும்பில, வெள்ளவத்தையில மேல்மாடியில நிண்டு பாக்கேக்க எனக்கு வந்த யோசனை, எங்களுக்குத் திராட்சை இல்லை, ஆனா கொழும்புக்குத் தெற்க பாணந்துறையில இருந்து வாதுவை, களுத்துறை தாண்டும் வரைக்கும் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, அதில நடந்து தென்னங்கள்ளு இறக்கிற ஊர் தானே, அதுக்குள்ளாலயும் சத்தமில்லாத றோட்டு இருக்கத்தானே வேணும்.

சைக்கிள் 2022 பெற்றோல் கியூ நேரம் வாங்கினது, செக்கண்ட் ஹாண்ட் லுமாலா, கியர் இல்லை. இந்தக் கரையோரத்துக்குக் கியர் தேவையுமில்லை, பெரிய ஏத்தம் ஒண்டும் கிடையாது.

முதல் தரம் ஒரு ஞாயிறு ஆறரைக்கு வெளிக்கிட்டு காலி வீதியாலயே நேரப் போனன். அது பிழை. தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை, மொறட்டுவை எண்டு முழுக்க பஸ் ஒதுக்கி ஒதுக்கித் தள்ளுது, பாணந்துறைப் பாலத்தில ஏறேக்க வெயில் முதுகில. வாதுவைக்குப் போய்ச் சேர எட்டு மணி ஆயிட்டுது, மரத்தில ஒருத்தரும் இல்லை, கயிறு மட்டும் தொங்குது. ஒரு தெம்பிலி இளநீர் குடிச்சிட்டுத் திரும்பினன்.

ரெண்டாந்தரம் நாலரைக்கே வெளிக்கிட்டன். மரைன் டிரைவ் அந்த நேரம் ஒரு சொர்க்கம், ஒரு பக்கம் கடல் மற்றப் பக்கம் நித்திரையில கிடக்கிற பிளற்றுகள், தெஹிவளையில காலி வீதிக்கு ஏறினாலும் பஸ் கனக்க இல்லை, அதால ஆறுக்குக் கொஞ்சம் முன்னமே வாதுவையில நிண்டன். என்ர வீட்டிலயிருந்து 25 கிலோமீற்றர் வரும். அங்க வலப்பக்கம் திரும்பி ரெயில் பாதையைக் கடந்து கடல் பக்கத்துச் சின்ன ஒழுங்கையளுக்க இறங்கினால் அதுக்குப் பிறகு ஹோர்ன் சத்தமே இல்லை. நாய், கோழி, கடல், இடைக்கிடை ரெயில், அவ்வளவுதான். பொத்துப்பிட்டிய பக்கம் போகேக்க நிமிந்து பாத்தன், தலைக்கு மேல ஒரு மனிசன் வானத்தில நடக்கிறார்.

நான் சின்னனில ஊரில பாத்தது பனை. ஒவ்வொரு பனையா ஏறி ஒவ்வொண்டா இறங்கவேணும், நெஞ்சு தேயும். இங்க தென்னையில ஒருக்கா ஏறினால் மரத்துக்கு மரம் ரெண்டு தும்புக்கயிறு, கீழ்க்கயித்தில கால், மேல்க்கயித்தில கை, அப்பிடியே தோப்பு முழுக்கப் போயிடலாம், நிறைஞ்ச முட்டியைக் கயித்தில கட்டிக் கீழ விட, கீழ நிக்கிறவர் வாங்கி ஊத்துவார். நான் சைக்கிளைச் சாத்திப்போட்டு அரை மணித்தியாலம் பாத்துக்கொண்டே நிண்டிட்டன். கயிறு ஆடுது, அவர் ஆடேல்லை.

கீழ இறங்கினவர் "மல்லி (தம்பி), கொழும்பா" எண்டு கேட்டார். நானும் அவரை அய்யே, அதாவது அண்ணை, எண்டு கூப்பிட்டு எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில கதை தொடங்கினன். விரியாத பாளையைக் கட்டி, நாளுக்கணக்காத் தட்டித் தட்டிப் பதப்படுத்தி, பிறகு நுனியை மெல்லிசாச் சீவிவிட்டால்தான் சொட்டத் தொடங்கும், அதையும் நாளாந்தம் திரும்பச் சீவாட்டில் ஓட்டம் நிண்டிடும். தென்னை மாசம் ஒரு பாளை கணக்கில விடுறதால இது வருசம் முழுக்கத் தொழில், பனை மாதிரிப் பருவம் பாக்காது. ஒரு சிரட்டையில தெலிஜ்ஜ தந்தார், புளிக்காத பச்சைச் சாறு, எங்கட பனையில எடுக்கிற கருப்பணி மாதிரித்தான் ஆனா சுண்ணாம்பு மணம் இல்லாமல் லேசா இனிப்பு. சில மணித்தியாலம் போனால் தானாவே புளிச்சுக் கள்ளாயிடும், கனக்கப் பங்கு சாராயம் வடிக்கப் போகுது. தன்ர மகன் இந்தக் கயித்தில ஏறமாட்டான் எண்டு சொன்னார். ஏறவேண்டாம் எண்டுதான் தானும் சொன்னதாம். அதைக் கேட்டதுக்குப் பிறகுதான் இந்த றோட்டுகளை வடிவா எழுதிவைக்கவேணும் எண்டு எனக்குப் பிடிவாதம் வந்தது.

மூண்டாந்தரம் போயா நாள், பௌர்ணமி லீவு. வாகனம் குறைவா இருக்கும் எண்டு போனன், இருந்தது, ஆனா களுத்துறைப் பாலத்தடியில போதி மரத்தைக் கும்பிட வாற சனமும் உண்டியலில காசு போட நிப்பாட்டுற வாகனமுமா நெரிசல், சைக்கிளை உருட்டித்தான் கடந்தன். போயாவுக்குக் கள்ளுத் தவறணை எல்லாம் பூட்டு. ஆனா வாதுவையில அய்யே வழமை போலக் கயித்தில நிண்டார், பாளையைச் சீவாமல் விடேலாது எல்லோ. அது வைகாசி கடைசி, தென்மேல் காத்து தொடங்கியிருந்தது, போகேக்க முகத்தில அடிச்சு வேகம் பாதியாக் குறைஞ்சுது, வரேக்க அதே காத்து முதுகில தள்ளிக்கொண்டு வந்து விட்டுது. அந்த மாசங்களில தெற்க போறவை காலைக் களைப்பைக் கணக்கில எடுத்துக்கொண்டு போங்கோ, திரும்பி வாறது சுகம். ஆனா மழை பெய்தால் கயிறு வழுக்கும், முட்டிக்க தண்ணி கலக்கும், ஆக்களைப் பாக்கிறது கஷ்டம்.

நாலாவது தரம்தான் எனக்கு நல்லாப் பிடிச்சது. வாதுவையில கடல் பக்கம் பாத்து முடிச்சிட்டு இடப்பக்கமா உள்ளுக்க மொரொந்துடுவ றோட்டைப் பிடிச்சன். கொஞ்சத்தூரத்தில வயல், பிறகு கறுவா, றப்பர், சின்ன மதவுகள், ஸ்கூல் மதில். மொரொந்துடுவயில இருந்து பண்டாரகம, அங்க ஒரு கடையில பாணும் பருப்பும் பொல் சம்பலும் பிளேன்ரீயும். கடையை விட்டு வெளிக்கிட்டு ரெண்டு கிலோமீற்றர் வரேல்லை பின் ரயர் ஆணி குத்திக் காத்துப் போயிட்டுது, பம்ப் இருக்கு ஒட்டுச் சாமான் வீட்டில. ஒரு அம்மா தன்ர முத்தத்தில இருத்தி, பக்கத்து வீட்டுப் பெடியனைக் கூப்பிட்டு ஒட்டுப் போடுவிச்சு, காசு வாங்கமாட்டன் எண்டிட்டா, போகேக்க மங்குஸ்தான் வேற ஒரு பை கட்டித் தந்தவ. பிறகு கெஸ்பேவ, பிலியந்தலை, அங்கயிருந்து வாகனம் தான், வெள்ளவத்தைக்கு வரேக்க பதினொண்டரை. மொத்தம் 60க்கு மேல ஓடியிருப்பன்.

நாலு தரத்திலயும் இருந்து எனக்குச் சரிவந்தது இதுதான்: ஆறுக்கு முதல் வாதுவையில நிக்கவேணும், ஏழரைக்குள்ள கடல் பக்க ஒழுங்கையளை முடிக்கவேணும், பிறகு உள்ளால திரும்பவேணும். காலி வீதியால திரும்பி வாறதை விட்டிடுங்கோ.

அய்யே சொன்னவர் பயாகல, மக்கொன பக்கம் இன்னும் நீளத்துக்குக் கயிறு கட்டின தோப்புகள் கிடக்கு எண்டு. மார்கழியில மச்சான் பிரான்சில இருந்து வாறான், அவனுக்கும் ஒரு சைக்கிள் ஒழுங்கு பண்ணிப்போட்டன். அதுக்கு முதல் நான் ஒருக்காத் தனியப் போய் ஒழுங்கையளைப் பாத்து வைக்கவேணும், இந்த முறை ஒட்டுச் சாமானும் ஒரு ஸ்பெயார் ரியூப்பும் பையில ஏறிட்டுது.