ஒரு நாள் முன்னதாகப் போய் இறங்கினேன்

நாகாலாந்து செல்ல இன்னர் லைன் பெர்மிட், அதாவது வெளி மாநிலத்தார் உள்ளே நுழைய வாங்கும் அனுமதிச் சீட்டு, வாங்குவது சிரமமே இல்லை. இணையத்தில் விண்ணப்பம், ஆதார் நகல், புகைப்படம், கட்டணம், அவ்வளவுதான். சொதப்பியது நான். ரயில் போய் நிற்கும் திமாப்பூருக்குப் பெர்மிட் வேண்டாம் என்று ஏதோ பழைய பயணக் குறிப்பில் படித்திருந்தேன். 2019 டிசம்பரிலேயே அது மாறிவிட்டது. தலைநகர் கோஹிமா போகும் நாளைக் கணக்கிட்டு, பெர்மிட் தொடங்கும் நாளை டிசம்பர் 1 என்று போட்டுவிட்டேன். ரயிலோ நவம்பர் 30 மாலையே திமாப்பூரில் இறக்கிவிட்டது.

காவலர் தாளைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், ஓரத்து பெஞ்சைக் காட்டினார். நள்ளிரவு வரை அதுதான் என் இடம். 1873இல் வெள்ளையர் தங்கள் வசதிக்காகப் போட்ட இந்த ‘இன்னர் லைன்’ கோடு, இன்று மலைமக்களின் நிலத்துக்குக் காவல் என்பதெல்லாம் தெரிந்ததுதான். பெஞ்சில் குளிரும்போது அந்த ஞானம் உதவவில்லை.

காலையில் ஷேர் சுமோவில் கோஹிமா. நாகா இனங்களின் ஹார்ன்பில் விழா நடக்கும் கிசாமாவில் ஒரு நாள் சுற்றினேன். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு மோருங், அதாவது பழைய பாணி இளைஞர் கூடம், கட்டியிருக்கிறார்கள். ஆட்டம் அழகு, கூட்டம் அதைவிட அதிகம். எனக்கு ஒரு நாள் போதும்.

மனம் நின்றது கொனோமாவில். கோஹிமாவிலிருந்து 20 கிலோமீட்டர், அங்காமி நாகர்களின் ஊர். நுழைவில் கட்டணம் கட்டி, உள்ளூர் வழிகாட்டி ஒருவரைச் சேர்த்துக்கொண்டேன். படிக்கட்டு வயல்களில் அறுவடை முடிந்து தாள்தான் நின்றது. அதற்கு மேலே மொட்டையடித்த ஆல்டர் மரங்கள். அடியோடு வெட்டுவதில்லை, ஆளுயரத்துக்கு மேல் கழித்துவிட்டு நடுவே விதைக்கிறார்கள். மரம் மறுபடி துளிர்க்கிறது, வேர் மண்ணுக்கு உரமாகிறது.

தங்கிய வீட்டில் அடுப்புக்கு மேலே இறைச்சித் துண்டுகள் புகையில் கறுத்துத் தொங்கின. பாட்டி கல்ஹோ கொடுத்தார். குழைந்த அரிசியில் கீரையும் அந்தப் புகைக்கறியும். நம் ஊர்ப் பொங்கல் பதம்தான். பக்கத்தில் வைத்த ராஜா மிர்ச்சா என்ற கடுங்கார மிளகாய்ச் சட்னியை ஊறுகாய் என்று நினைத்து வழித்தேன். அடுத்த கால் மணி நேரம் யாரோடும் பேசவில்லை.

சுவரில் பழைய துப்பாக்கி ஒன்று மாட்டியிருந்தது. 1998இல் டிராகோபன் பறவைக்காக ஊரே கூடிக் காட்டைச் சரணாலயமாக்கி வேட்டையை நிறுத்தியதாம். இன்னும் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று வழிகாட்டி மூலம் தாத்தாவிடம் கேட்டேன்.

“துடைப்பதற்கு” என்றார்.