சமையலறைச் சுவரை இடிக்கப் போய்

சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருந்த சுவரை இடித்தால் கொஞ்சம் வெளிச்சம் வரும். எங்கள் ஆசை அவ்வளவுதான். இங்கிலாந்தின் சஃபோக்கில் நாங்கள் வாங்கியது ஒரு பழைய பண்ணை வீடு. நிலமெல்லாம் எப்போதோ கைமாறிவிட்டது. வீடும் ஒரு களஞ்சியமும்தான் மிச்சம். பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் பட்டியலில் இரண்டாம் தரம் என்பதால் உள்சுவரைத் தொடவும் கவுன்சில் அனுமதி வேண்டும். விண்ணப்பித்தோம். "வீட்டுக்கு என்ன வயது, எந்தப் பகுதி எப்போது கட்டியது, எழுதிக் கொடுங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள்.

விற்ற ஏஜென்ட் 1687 என்று சொல்லியிருந்தார். ஆதாரம், கணப்படுப்புக்கு மேலே குறுக்கே கிடக்கும் தூலத்தில் செதுக்கிய எண். பட்டியல் குறிப்பும் 17ஆம் நூற்றாண்டு என்றது. அப்புறமென்ன என்று இருந்துவிட்டேன். அந்தக் குறிப்புகளில் பல, உள்ளே வராமல் வெளியிலிருந்தே பார்த்து எழுதியவை என்பது பிறகுதான் தெரிந்தது.

முதலில் காகிதம். ஊரில் மூலப்பத்திரம், வில்லங்கம் என்று அலைந்த பழக்கம் கைகொடுக்கும் என்று நினைத்து, இப்ஸ்விச்சில் உள்ள தி ஹோல்ட் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். தேவாலயத்துக்குச் சேர வேண்டிய பத்தில் ஒரு பங்கு விளைச்சலைப் பணமாக மாற்ற 1836இல் சட்டம் வந்தது. அதற்காக ஊர் ஊராக வரைந்த படங்கள் அங்கே இருக்கின்றன. வயலுக்கு வயல் எண். அந்த எண்ணுக்கு நேரே உரிமையாளர், குத்தகைக்காரர், ஏக்கர் அளவு, உழவா புல்லா என்பது வரை. எங்கள் வீடும் இருந்தது, இப்போது இல்லாத ஒரு பக்கக் கட்டடத்தோடு. அன்று முழுக்க அந்தச் சந்தோஷம்தான்.

அதற்கு முன்னால் போகப்போகக் கஷ்டம். 1674ஆம் வருஷத்து அடுப்பு வரிப் பட்டியலில் ஆள் பெயரும் அடுப்புகளின் எண்ணிக்கையும் உண்டு, வீட்டின் பெயர் இல்லை. மூன்று அடுப்புக்காரர்களில் எங்கள் வீட்டில் இருந்தவர் யாரென்று தேடி இரண்டு நாள் போனது. பிற்காலத்திலிருந்து ஒவ்வொரு குடித்தனமாகப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால்தான் அந்தப் பட்டியல் உதவும். நான் பழைய காலத்திலிருந்து ஆரம்பித்தேன்.

கடைசியில் பழைய கட்டடங்களை ஆராயும் ஒரு பெண்மணியை அழைத்தோம். 1687ஐ அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "பரணுக்கு ஏணி இருக்கிறதா?" என்றுதான் கேட்டார். டார்ச்சோடு பின்னாலேயே ஏறினேன். கூடத்துக்கு மேலே, குறுக்கு உத்திரத்தின் நடுவில் ஒரு குட்டைத் தூண். அது தாங்கும் நீள மரம். அதற்கு மேல் கைமரங்கள். அத்தனையும் கன்னங்கரேல். விரலால் தொட்டால் மை மாதிரி ஒட்டியது. பக்கத்து அறையின் மேல் மட்டும் மரம் பழுப்பாகவே இருந்தது.

இறங்கி வந்த என் கையைப் பார்த்து, மதுரையிலிருந்து வந்திருந்த அம்மா, "இது விறகடுப்புக் கரிடி. கூரைக்கு நேர் கீழயே எரிச்சிருக்காங்க" என்றாள். நிபுணர் சொன்னதும் அதேதான். ஆதியில் இது கூரை வரை திறந்த கூடம். தரை நடுவில் நெருப்பு, புகைபோக்கி கிடையாது. செங்கல் புகைபோக்கியும் மேல்தளமும் பின்னால் நுழைத்தவை. இந்தப் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டு வேலை அது. 1687 யாரோ பின்னால் வந்தவர் போட்ட கையெழுத்து. கூரையின் அமைப்பையும் மர இணைப்புகளையும் வைத்து, 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி என்றார்.

எனக்கு வருஷமே வேண்டும் என்று அடம். மர வளையங்களின் அகலங்களை ஒப்பிட்டு, மரத்தை வெட்டிய காலத்தைச் சொல்லும் முறை ஒன்று உண்டு. "உங்கள் ஓக் வேகமாக வளர்ந்தது, சரிவராமல் போகலாம்" என்று அவர் எச்சரித்தும் கேட்கவில்லை. உள்ளீடற்ற துரப்பணத்தால் பென்சில் போன்ற துண்டுகளை உருவி எடுத்தார்கள். வைரம் பாயாத வெளிப்பகுதி பட்டை வரை இருந்தால் எந்தக் குளிர்காலத்தில் வெட்டினார்கள் என்றுகூடச் சொல்லலாம். பட்டை இருந்தது, வளையம்தான் போதவில்லை. பொதுவாக ஐம்பதுக்கு மேல் வேண்டும். எங்களுடையதில் நாற்பதைத் தாண்டவில்லை. பணம் போனது. ஸ்வான்சீ பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஆக்சிஜன் ஐசோடோப்பு முறையில், அதாவது வளையத்தின் அகலத்துக்குப் பதில் அதிலுள்ள ஆக்சிஜன் வகைகளை அளந்து, குறைந்த வளையங்களுக்கும் காலம் காணலாமாம். கணவர் என்னை முறைத்தார், விட்டுவிட்டேன்.

இனி சுவர் கதை. அந்தச் சுவரின் மேல் உத்திரத்தில் ஒரு இடத்தில் பிளாஸ்டரை நிபுணர் லேசாகச் சுரண்டிப் பார்த்தார். அடுத்தடுத்து இரண்டு கதவு நிலைகளின் தலைப்பகுதி. பானங்கள் வைக்கும் அறைக்கு ஒன்று, உணவு வைக்கும் அறைக்கு ஒன்று. திறந்த கூடம் இருந்த நாளிலிருந்தே நிற்கும் தடுப்பு அது. வீட்டிலேயே மிகப் பழையதை இடிக்கத்தான் அனுமதி கேட்டிருக்கிறோம்!

அறிக்கையோடு மறுபடி விண்ணப்பித்தோம், வேறு கோரிக்கையோடு. இரண்டு வாசல்களில் ஒன்று பின்னாளில் குச்சியும் களிமண்ணும் வைத்து அடைத்தது. அதை மட்டும் திறக்க அனுமதி தந்தார்கள். இப்போது காலையில் எட்டு மணி வாக்கில் அந்த வழியாகச் சமையலறை மேடை வரை வெயில் வருகிறது. வாசல் தாழ்வு, என் கணவர் இதுவரை நான்கு முறை இடித்துக்கொண்டுவிட்டார்.