காற்றாடிமலைக்குப் போன சனிக்கிழமை

முப்பந்தலில் காற்றாலைகள் பாதிக்கு மேல் அசையாமல் நின்றன. தவக்காலத்தின் நான்காம் சனிக்கிழமை அது. ஆனிக் காற்று வர இன்னும் மூன்று மாதம் இருந்தது. பேருந்து ஜன்னலில் தலைசாய்த்து அவற்றைப் பார்த்துக்கொண்டே போனேன். என் நிலைமையும் அப்படித்தான் இருந்தது.

"வருஷாவருஷம் வேளாங்கண்ணிக்குப் போறோம். இந்தத் தடவை பக்கத்துல இருக்கிற நம்ம ஆளைப் பார்த்துட்டு வருவோம் தம்பி" என்று சொன்னது அக்காதான். நம்ம ஆள் என்றால் புனித தேவசகாயம். அக்கா அப்படிச் சொல்வதில் நியாயம் உண்டு. அவர் குருவானவர் இல்லை, துறவியும் இல்லை. திருவிதாங்கூர் அரண்மனையில் உத்தியோகம் பார்த்தவர். மனைவி, வீடு, வயல், மாடு என்று வாழ்ந்தவர். இந்தியாவில் பொதுநிலையினரில் முதலில் புனிதராக உயர்த்தப்பட்டவர் அவர்தான்.

எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன், நற்கருணை வாங்குகிறேன். ராத்திரி செபமாலை சொல்கிறோம். வாய்க்கு எல்லாம் மனப்பாடம், ஆனால் 'அருள் நிறைந்த மரியே' ஐம்பது தடவை சொல்லி முடிக்கும்போது ஒரு தடவைகூடச் சொன்ன உணர்வு இல்லை. எப்போதிருந்து இப்படி என்று யோசித்தால் ஓர் இடத்தில் போய் நிற்கிறது. அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசையில் இருக்கும் சாரின் மகன் போன ஐப்பசியில் காய்ச்சலில் இறந்துபோனான். பதினான்கு வயது. துட்டிக்குப் போனபோது அவர் கையைப் பிடித்து, "உங்களுக்காக செபிக்கிறேன் சார்" என்றேன். செபிக்கவில்லை. அதற்குப் பிறகு கோப்புகளைத் தவிர வேறெதையும் அவரிடம் பேசவுமில்லை. அவர் தேநீருக்கு எழுந்தால் நான் உட்கார்ந்துகொள்வேன்.

காவல்கிணற்றில் இறங்கி முதலில் வடக்கன்குளம் போனோம். நீலகண்டன் என்ற அந்த மனிதர் 1745 மே 14-ஆம் தேதி திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆன ஊர். லாசர் என்ற பெயரின் தமிழ்தான் தேவசகாயம், கடவுளே துணை. அப்போது அவருக்கு முப்பத்துமூன்று வயது. கோவிலில் கொஞ்ச நேரம் முழந்தாளிட்டுவிட்டு ஆரல்வாய்மொழிக்குப் பேருந்து பிடித்தோம்.

காற்றாடிமலை உயரமான மலையொன்றும் இல்லை. ஆனாலும் வெயில் ஏற ஏற பாறை சுட்டது. அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். வழியில் ஒரு பாறையில் சிறுவர்கள் கல்லால் தட்டிக்கொண்டிருந்தார்கள். கணீரென்று மணியோசை எழும்பியது. மணியடிச்சான் பாறை. தேவசகாயம் சுட்டுக்கொல்லப்பட்ட இரவில் இந்தப் பாறை தானாக ஒலித்தது என்று இந்தப் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்கிறார்கள். அது 1752 ஜனவரி 14. 1749-ல் பிடித்து, அடித்து, எருமை மேல் பின்பக்கம் பார்க்க உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோய், கடைசியில் இங்கே கொண்டுவந்தார்கள். அவர் கிறிஸ்தவரானதும், தள்ளிவைக்கப்பட்ட சாதியாரோடு கலந்து பழகியதும் அன்றைக்குப் பெரிய குற்றமாகத் தெரிந்தது. 2022 மே 15-ல் உரோமையில் புனிதர் பட்டம் கொடுத்தபோது அவர் பெயரிலிருந்த சாதிப் பட்டத்தைத் திருச்சபை விட்டுவிட்டதை நான் பெரிய காரியமாகவே நினைக்கிறேன்.

அவர் முழந்தாளிட்டுச் செபித்ததாகச் சொல்லும் பாறையருகே உட்கார்ந்தேன். பெரிதாக ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தேன், கண்ணீராவது வரும் என்று. வரவில்லை. மலையின் பெயர் காற்றாடி. காற்று மட்டும் அசையவில்லை. கைபேசியில் யோவான் நற்செய்தியைத் திறந்தேன். "காற்று விரும்பிய திசையில் வீசுகிறது" என்று நிக்கதேமுவிடம் ஆண்டவர் சொன்ன அதிகாரம். வாசித்துவிட்டு இறங்கினேன்.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவர் கல்லறை. மலையடிவாரக் காட்டில் வீசப்பட்ட உடலை விசுவாசிகள் தேடி எடுத்து வந்து அடக்கம் செய்த இடம். நல்ல கூட்டம். அக்கா கல்லறையில் கைவைத்து நெடுநேரம் நின்றாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு தக்கலை பேருந்தில் புலியூர்க்குறிச்சி போனோம். அங்கேதான் முட்டிடிச்சான் பாறை. இழுத்துப்போகும் வழியில் தாகத்துக்குத் தண்ணீர் மறுத்தார்கள். அவர் செபித்து முழங்கையால் பாறையில் இடித்தார், தண்ணீர் சுரந்தது என்பது வரலாற்றோடு வழங்கும் மரபு. சின்னக் குழிதான். அருகே நின்ற ஒரு பாட்டி, "ஒரு வாய் குடிச்சுக்கிடுங்க மக்களே" என்று என் கையில் ஊற்றினார். குடித்தேன். குளிர்ச்சியாக இருந்தது. அக்கா ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டாள்.

திரும்பியிருக்கலாம். உதயகிரிக் கோட்டை பக்கத்திலேயே இருக்கிறது, பார்த்துவிட்டுப் போவோம் என்று நான்தான் சொன்னேன். இப்போது வனத்துறைப் பூங்காவாக இருக்கிறது. மரங்களுக்குள்ளே நடந்து போனால் கூரையில்லாத ஒரு பழைய கோவில். உள்ளே டிலனாயின் கல்லறை. 1741-ல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுத் தளபதி, பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். கல்வெட்டில் லத்தீனும் தமிழும்.

நீலகண்டனின் பயிர் அழிந்து, மாடுகள் செத்து, மனம் ஒடிந்து இருந்த நாட்களில் இந்த டிலனாய்தான் அவர் முகவாட்டத்தைக் கவனித்துக் கேட்டார். கேட்டுவிட்டு, சொத்தையும் பிள்ளைகளையும் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் விவிலியக் கதையைச் சொன்னார். ஒரு புனிதரின் தொடக்கமே அவ்வளவுதான். ஒரே இடத்தில் வேலை பார்த்த ஒருவர் இன்னொருவரிடம், என்ன ஆச்சு என்று கேட்டது. கேட்டவர் குருவல்ல, மறைபோதகரும் அல்ல. ஊரைவிட்டு வந்து மாட்டிக்கொண்ட ஒரு சிப்பாய்.

டிலனாய்க்குப் பக்கத்திலேயே அவர் மகனும் கிடக்கிறான். 1765-ல் களக்காட்டுச் சண்டையில் செத்தவன். களக்காடு எங்கள் மாவட்டம். எத்தனையோ முறை போயிருக்கிறேன், இது தெரியாது. யோபுவைப் பற்றி இன்னொருவருக்குச் சொன்னவருக்கு இருபது வருடம் கழித்து யோபுவின் நிலைமையே வந்திருக்கிறது. "ஆண்டவர் அளித்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார்" என்று அவரால் அன்றைக்குச் சொல்ல முடிந்திருக்குமா? அவர் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

அந்தக் கல்லின் முன்னால்தான் எனக்கு அழுகை வந்தது. மலையில் வராதது, கல்லறையில் வராதது. அக்கா பயந்துபோய், "என்னல, என்ன ஆச்சு?" என்றாள். அடுத்த மேசை சாரைப் பற்றி முழுதும் சொன்னேன். அவள் பாட்டிலைத் திறந்து குடிக்கச் சொன்னாள். "திங்கக்கிழமை போவியா?" என்று மட்டும் கேட்டாள்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அவர் தேநீருக்கு எழுந்தபோது நானும் எழுந்தேன். யோபு கதையை நான் சொல்லவில்லை. அவர் முருக பக்தர். அவருக்கு அவருடைய வேண்டுதல்கள் இருக்கும். "தம்பி எப்படி இருப்பான் சார், சொல்லுங்க" என்றேன். அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பேச ஆரம்பித்தார். ஐந்து மாதமாக ஒருவரும் அவன் பெயரை அவர் முன்னால் சொல்லவில்லையாம்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். வராந்தாவில் பையனின் சைக்கிள் தூசி படிந்து நின்றது. இரண்டு டயரும் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தன. அவர் சீட்டைத் துண்டால் துடைத்தார்.

"காத்து அடிச்சு வைப்போமா சார்?"

பம்ப் உள்ளே இருந்தது. அவர் வால்வைப் பிடித்துக்கொண்டார், நான் அடித்தேன்.