டர்ஃப் போடும் முன் ஒரு மதியம் வெறுங்காலில் நின்று பாருங்கள்

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் 30 மீட்டருக்கு 40 மீட்டர் அளவில் ஒரு பொது மைதானம் இருக்கிறது. காலையில் பெண்கள் சுற்றி நடப்பார்கள், சாயங்காலம் ஒரு பக்கம் வாலிபால், இன்னொரு பக்கம் பொடியன்களின் கிரிக்கெட். இந்த வருஷம் சங்கத்தில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் அதற்குப் புதுத் தரை போட மூன்று கொட்டேஷன் வாங்கினோம், மூன்றிலும் முதல் பக்கத்தில் டர்ஃப், அதாவது செயற்கைப் புல்தரை, பச்சைப் பசேல் என்று ஒரு படம். கூட்டத்தில் எல்லாரும் "டர்ஃபே போட்டுடலாம்" என்று முடிவுக்கே வந்துவிட்டார்கள். நான் இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு வாரத்தில் அலைந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன், உங்கள் சங்கத்திலும் இதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கலாம்.

முதலில் பக்கத்து ஏரியாவில் இருக்கும் ஒரு டர்ஃபுக்குப் போனேன். மே மாதம், மதியம் 3 மணி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நின்றேன், பத்து எண்ணுவதற்குள் காலை மாற்றி மாற்றித் தூக்க வேண்டியதாகிவிட்டது. நிஜப் புல் தன் ஈரத்தை ஆவியாக விட்டுத் தன்னையே குளிர்வித்துக்கொள்ளும். இங்கே இருப்பது பிளாஸ்டிக் இழை, அதற்கு நடுவே பழைய டயரை அரைத்த கறுப்பு ரப்பர் துகள், இரண்டும் வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். நல்ல வெயிலில் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். தண்ணீர் அடித்தால் குறையும், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஏறிவிடும். வாடகை டர்ஃப்களில் சாயங்காலத்துக்கு மேல் விளக்கு போட்டுத்தான் கூட்டம் சேர்கிறது, அதனால் அங்கே இது பெரிய பிரச்சினையாகத் தெரிவதில்லை. எங்கள் பிள்ளைகள் லீவு நாளில் மதியமே இறங்கிவிடுவார்கள், அதுவும் பாதிப் பேர் செருப்பில்லாமல்.

அந்தத் துகள் இன்னொரு கவலை. மழை பெய்த மறுநாள் அதே இடத்துக்குப் போனபோது மழைநீர் வடிகாலின் வாயில் கைப்பிடி கைப்பிடியாகக் கறுப்பாக ஒதுங்கியிருந்தது. எங்கள் வடிகால் நேராக ஏரிக்குப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் கட்டுப்பாட்டின்படி, இந்த வகைத் துகள்களை 2031 அக்டோபருக்குப் பிறகு அங்கே விற்க முடியாது. அதற்குப் பதிலாக கார்க், தேங்காய் நார் போன்றவற்றை நிரப்பும் முறைகளும் இருக்கின்றன. தேங்காய் நாருக்கு நமக்கா பஞ்சம்? ஆனால் வந்த மூன்று கொட்டேஷனிலும் அந்தப் பேச்சே இல்லை.

அப்புறம், அடித்தளம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் மேலே போடுவதைச் சில வருஷத்தில் மாற்றிவிடலாம், கீழே தப்பு செய்தால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். டர்ஃபுக்குப் பதிலாக அக்ரிலிக் கோர்ட் (கான்கிரீட் மாதிரி கெட்டித் தளத்தின் மேல் அக்ரிலிக் பெயிண்ட் அடித்த ஆடுகளம்) என்றால் நூற்றுக்கு ஒன்று வாட்டம் வேண்டும், அதாவது 15 மீட்டர் அகலத்துக்கு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு 15 சென்டிமீட்டர் இறக்கம், அதுவும் ஒரே பக்கமாக. கான்கிரீட் போட்டால் 28 நாளாவது ஆறவிட்டு, ஈரம் போய்விட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் அக்ரிலிக் அடிக்க வேண்டும். தெரிந்தவர்களுடைய அபார்ட்மெண்டில் அவசரப்பட்டு அடித்து, உள்ளே இருந்த ஈரம் மேலே தள்ளி, அப்பளம் மாதிரி கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. இரண்டாம் முறை போட்டபோது நானும் போயிருந்தேன். தளம் முழுக்கத் தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் கழித்து, தேங்கிய இடங்களில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்த்தார் கொத்தனார். நாணயம் முழுகினால் பள்ளம். ஏழு இடத்தில் முழுகியது. ஏழையும் சாக்பீஸால் வட்டம் போட்டு, நிரப்பிய பிறகுதான் பெயிண்டைத் திறக்கவிட்டார்.

தரை மாறினால் ஆட்டமே மாறும். 1975இல் புல்தரையில் உலகக் கோப்பை ஜெயித்த இந்திய ஹாக்கி அணி, செயற்கைத் தரை வந்த 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஏழாவது இடத்துக்குப் போனது. யார் ஆடலாம் என்பதும் தரையோடு சேர்ந்து மாறிவிடுகிறது. 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி தன் 9 கால்பந்து டர்ஃப்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டது, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றது. டர்ஃபுக்குப் பராமரிப்புச் செலவு உண்டு, அந்தச் செலவு கட்டணமாக வந்து நின்றால் எங்கள் தெருமுனை வீடுகளின் பிள்ளைகள் வெளியே நிற்பார்கள். என்னால் அதைப் பார்க்க முடியாது.

அதனால் நான் கேட்கப்போவது இதுதான். ஒரு பக்கம் மட்டும் 15க்கு 14 மீட்டரில் வெளிர் நிற அக்ரிலிக், ஒரு பேஸ்கெட்பால் வளையத்தோடு. அதுவும் வெயிலில் சுடும், அதனால்தான் அந்த அளவோடு நிறுத்துகிறேன். வாலிபால் இடம் செம்மண்ணாகவே இருக்கட்டும், கிராவல் போட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டால் போதும். ஊஞ்சலுக்குக் கீழே மட்டும் ரப்பர் தளம், அதன் கனம் எவ்வளவு உயரத்திலிருந்து பிள்ளை விழக்கூடும் என்பதைக் கணக்குப் பண்ணி. மேற்கு ஓரம் முழுக்க வேம்பு.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அதற்கு முன்னால், சனிக்கிழமை மதியம் 3 மணிக்கு அந்த டர்ஃபில் வெறுங்காலோடு நிற்கச் செயலாளரும் பொருளாளரும் சரி என்று சொல்லியிருக்கிறார்கள்.